குண்டுமடையில தட்டுற பத்துத் தட்டு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்ன, ரயிலும் வராத, கடிகாரமும் வராத காலத்துல, மலைக்கு அடியில சிறுமடைக்குறிச்சின்னு ஒரு ஊரு. நம்ம ஊருதான். அந்த ஊர்ல ஒருத்தி இருந்தா. பேரு குழல்வாய்மொழி. அம்புட்டு நீளத்துக்குக் கூப்பிட யாருக்கு நேரம்? கொழலின்னுதான் கூப்பிடுவாவளாம். எங்க வம்சத்துக்காரி. அதனால கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க.

அவ ஆசாரி வீட்டுப் பொம்பளை. புருசன் மாசானம் கலப்பை செய்வான். கால்வாயோட கடைசியில அவங்களுக்கு ஒரு துண்டு வயல். தலைமடையில பண்ணையார் பிரமநாயகத்துக்கு வயல். கால்வாய்த் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சணும். முறையை எப்படி அளக்கது? நிழலை வச்சு. வெயில்ல நின்னு தன் நிழலைத் தானே அடி வச்சு அளக்கணும். இத்தனை அடி நிழல் நகந்தா ஒருத்தர் முறை முடிஞ்சுது. அளக்கது யாரு? பண்ணையாரு. அவரு காலு, அவரு நிழலு, அவரு கணக்கு.

இதுல ஒரு கூத்து என்னன்னா, நம்ம பக்கம் கால்வாய் நெறஞ்சு வாரது சாரல் காலத்துல. சாரல் காலத்துல வெயில் எங்க இருக்கு? பத்து நாளானாலும் மேகம் விலகாது. அப்ப நிழல் ஏது?

பண்ணையார் என்ன சொன்னாராம்? "நிழலே விழல. விழாத நிழல் எப்படி நகரும்? அதனால எம் முறை இன்னும் முடியல"ன்னாராம். கேட்டியளா நியாயத்தை! அஞ்சு நாளு தண்ணி அவரு வயல்லயே கெடந்துச்சு. அங்க வரப்பு வழியுது. இங்க கொழலி வயல்ல நெல்லு பொதி கட்டுத நேரம், தாளுக்குள்ள கதிரு உருண்டு வார நேரம், மண்ணு வாய பொளந்து கெடக்கு. சாரல் தூத்தல் தூசியத்தான் அடக்கும், வேரு வரைக்கும் போவுமா? இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சா நெல்லு வீடு வந்து சேரும். பாயலன்னா வைக்கோலு கூடத் தேறாது.

கொழலி நேரா மடைக்குப் போனா.

"அண்ணாச்சி, தண்ணியை விடும்."

"வெயிலைக் கூட்டிக்கிட்டு வாட்டி, விடுதேன்."

சுத்தி நின்னவன் எல்லாம் சிரிச்சானாம்.

"வெயிலை எதுக்குக் கூப்பிடணும்? பொழுதை நானே செஞ்சு கொண்டாறேன்"னா கொழலி.

இன்னும் சிரிச்சானுவளாம்.

வீட்டுக்கு வந்தா மாசானம் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். "பண்ணையாரைப் பகைச்சா எனக்கு எவன்ட்டி கலப்பை வேலை குடுப்பான்?" கொழலி நேரா பட்டறைக்குப் போனா. உளியை எடுத்தா. நீளமா ஒரு பலகை. அதுல வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி ஒரு பள்ளம் செதுக்குனா. அந்தப் பள்ளத்துல ஒரு மரக்குண்டு உருளும். உருண்டு உருண்டு கடைசியில ஒரு ஆணியை இடிக்கும். இடிச்சதும், கயித்துல தொங்குத கல்லோட கனம் பலகையை மறுபக்கம் சாய்க்கும். குண்டு வந்த வழியே திரும்ப ஓடும். ஒவ்வொரு சாய்ப்புக்கும் டொக்குன்னு சக்கரத்துல ஒரு பல்லு நகரும். நூறு பல்லு நகந்தா ஒரு முறை. முடிஞ்சதும் மாட்டு மணி அடிக்கும்.

தூக்கிக்கிட்டு மடைக்கு வந்தா. குண்டு உருண்டுச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணாவதுல பாதி வழியில நின்னுபோச்சு! ஆசாரி வீட்டுக்காரி இல்லையா, கை மரத்துக்குத்தான் போயிருக்கு. சாரல் ஈரத்துல மரக்குண்டு ஊதிப்போய்ப் பள்ளத்துல சிக்கிக்கிட்டு.

பண்ணையார் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம். "ஒம் பொழுதுக்கு நீர் கோத்துக்கிட்டுட்டி!"

அவ அழல. ஏ, அழுதான்னு எவனாவது சொன்னா நம்பாதிய. வீட்டுக்கு வந்தா. சீதனமா வந்த பித்தளைச் செம்பை எடுத்து மாசானம் கையில குடுத்தா. "உருக்கும்." அவன் அவ மூஞ்சியப் பாத்தான். அப்படியே உருக்குனானாம். பித்தளைக் குண்டு வந்துச்சு. பள்ளத்தை அகலப்படுத்தி, இலுப்பெண்ணெயை ஊத்தி ஊறவச்சா.

மறுநாள் காலம்பற திரும்ப மடைக்கு வந்தா.

"உம்ம முறையில இருந்தே தொடங்குவோம், அண்ணாச்சி."

"நூறு ஆட்டம் சரின்னு எவன்ட்டி சொன்னான்?"

"எத்தனையா இருந்தா என்ன? உமக்கு எத்தனையோ எனக்கும் அத்தனை."

குண்டு ஓடுச்சு. டொக்கு. திரும்ப ஓடுச்சு. டொக்கு. மொதல்ல வேடிக்கை பாத்த சனம், பத்தாவதுல இருந்து வாய்விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாம். ஐம்பது ஆச்சு. எழுபது ஆச்சு. பண்ணையாருக்கு மூஞ்சி கறுத்துச்சு. தொண்ணூறாவது டொக்குக்கு எந்திரிச்சு வந்து, குண்டைத் தூக்கிக் கால்வாயில எறிஞ்சுட்டாரு!

"இப்ப எண்ணு பாப்போம்!"

கொழலி கால்வாயப் பாக்கல. பண்ணையாரு கண்ணைப் பாத்தா. ரெண்டு கையையும் தூக்கி ஒரு தட்டு தட்டுனா.

"தொண்ணூத்தி ஒண்ணு."

அம்புட்டு நேரம் கேட்ட தாளம், எல்லாருக்கும் மூச்சுலயே ஏறிப்போச்சு. அடுத்ததுக்கு மாசானம் தட்டுனான். தொண்ணூத்தி ரெண்டு. அதுக்கடுத்து பண்ணையாரோட சொந்த வேலையாளு ஒருத்தன் தட்டுனானாம். அப்புறம் ஊரே தட்டுச்சு. எத்தனை கையை அவரு பிடிச்சு எறிவாரு? நூறாவது தட்டுக்குக் கொழலி கால்வாயில இறங்கி, மடைப்பலகையைத் தன் கையால பிடுங்குனா. தண்ணி கீழ ஓடுச்சு. ஒருத்தனும் தடுக்கல. அந்த வருசம் அவ வயல்ல நெல்லு வெளஞ்சுது.

குண்டு கடைசி வரைக்கும் கிடைக்கல. ஆனா அந்த மடைக்குக் குண்டுமடைன்னு பேரு நின்னுபோச்சு. இப்ப எல்லார் பையிலயும் போன் இருக்கு, மணி காட்டுது. இருக்கட்டும். சாரல்ல மொதத் தண்ணி வந்தா பத்துத் தட்டு தட்டாம நாங்க மடை திறக்கமாட்டோம். கடைமடைப் பொம்பளை ஒருத்திதான் பலகையைப் பிடுங்குவா. பண்ணையார் வம்சத்து ஆளும் வந்து வரிசையில நின்னு தட்டணும். அவரு கையைக் கட்டிக்கிட்டு நின்னா? நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். திரும்ப ஒண்ணுல இருந்து தட்டுவோம்.