ஒன்பது நிமிட மெல்லிய பகுதி

இந்த மாதப் பட்டியல் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். புரோகிரெசிவ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் இரண்டிலும் சேர்த்து மூன்றே புது ஆல்பங்கள். வழக்கமாக அண்ணனும் நானும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். இம்முறை நான் மட்டும்.

முதலாவது 'இரும்புப் பூங்கா'. கிட்டாரே இல்லாத குழு. ஐந்துக்கும் ஏழுக்கும் தாவும் தாளத்தை அண்ணன் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார். நுரையீரல் கைவிடும்வரை இருபது வருடம் டிரம்ஸ் வாசித்தவர்.

இரண்டாவது 'ஏழாவது மாடி'. சாக்ஸபோனை நம்பிக் கேட்கலாம்.

"பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு, பாடுறவன் இன்னும் வாயே திறக்கல. பல்லு வலியாடா அவனுக்கு?" என்றார் அண்ணன்.

"இப்ப வருவான், பொறுண்ணா."

"வராமலே இருக்கட்டும். நல்லாத்தான் போகுது."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். மெல்லிய இடம் வந்தால், "அந்தச் சனியனைக் கொஞ்சம் நிறுத்துடா, பேஸ் கிட்டார் கேக்கல" என்பார். நிறுத்துவேன். இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று தாங்குவார். விரலைத் தூக்கியதும் மறுபடி போடுவேன். டாக்டரிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்கும் முறை அது.

போன மாதம் அவர் மகள் ஃபோன் செய்தாள். "சித்தப்பா, சனிக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒத்தையா எத்தனை நாள்தான் பார்ப்பீங்க?" நல்ல பெண். அண்ணனும், "பேரப்பிள்ளைங்களோட இருந்துட்டுப் போறேன்டா" என்றார். அவர் சட்டைகளை நான்தான் தேய்த்துப் பெட்டியில் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நல்ல இடம் வரும்போது பக்கத்தில் ஒருவர் புருவத்தைத் தூக்காவிட்டால், அது நல்ல இடம்தானா என்றே தெரியாது. நாற்பது வருடமாக எனக்கு அந்தப் புருவம் இருந்தது.

மூன்றாவது 'ஈர மணல்'. அந்தச் சனிக்கு முந்தைய வியாழக்கிழமை, நான் வேலை செய்யும் இசைத்தட்டுக் கடையில் ஹெட்ஃபோனில் கேட்டேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபத்திரண்டு நிமிடம். நடுவில் பேஸும், டிரம்ஸை வருடும் பிரஷ்ஷும் மட்டும், காதைத் தீட்டினால்தான் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஒன்பது நிமிடம். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் கணக்கிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் அண்ணனுக்குப் போட்டேன். அந்த இடம் வந்ததும் அவரே வழக்கம்போல நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மூன்றாம் நிமிடம் விரலைத் தூக்கினார். நான் உறையின் பின்புறத்தில் வாசித்தவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன் என உங்களிடம் சொல்லலாம். ஆனால் உருப்படி ஏழு அட்சரத் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் தட்டியது, கதவைத் தட்டுவதைப் போல.

ஒன்பது நிமிடமும் முடிந்த பிறகுதான் இயந்திரத்தைப் போட்டேன்.

இந்த நோய் இப்படித்தான் முடியும் என்றார் டாக்டர். "கடைசி நேரத்துல நீங்க கூட இருந்தீங்களே, அது போதும் சித்தப்பா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், 'ஈர மணல்' வாங்குங்கள். கடைசி நான்கு நிமிடம் அண்ணன் தட்டவே இல்லை. எந்த ஆல்பத்தையும் அவர் அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. அவருக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும்.