அக்காவுக்கு விட்ட தண்ணீர்

குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு நாள் திறந்து வைத்தால்தான் குளோரின் வாடை போகும். பிறகு லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் கல்லுப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். கண்ணளவில் எதையும் போடமாட்டேன். அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, ஆர்டீமியா என்ற பொடி இறாலின் முட்டைகளைத் தூவி, காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விட வேண்டும். மறுநாள் பொரிந்து ஆரஞ்சுத் தூசி போல நீந்தும். நான் தொட்டியில் வளர்க்கும் மீன் குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. வருகிறேன்.

பக்கவாதம் வந்ததும் அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். விழுங்கினால் புரையேறும், அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப். பேச்சு போகவில்லை. அவளுக்குப் பேச்சு என்றைக்குமே போனதில்லை.

"அந்த மோட்டார் சத்தம் மண்டையக் கொடையுதுடி. நிறுத்தித் தொலை" என்பாள்.

நான் பல் டாக்டரிடம் போயிருந்த ஒரு மதியம், பார்க்க வந்த தன் மகளிடம் சொல்லி மோட்டார் பிளக்கைப் பிடுங்க வைத்தாள். நான் திரும்பியபோது முந்நூறு குஞ்சுகளும் தொட்டியின் அடியில் வெளுத்துக் கிடந்தன.

"மீனுதானே. கடையில கெடைக்காததா?"

"ஆமாக்கா, மீனுதான்" என்றேன். கோபம் வரவில்லை. இப்போதும் இல்லை.

இன்னொரு ஜோடி மீன் அந்த வாரமே முட்டையிட்டிருந்தது. அவற்றின் குஞ்சுகளுக்காக உப்புத் தண்ணீர் கலக்கியபோது குவளையில் கொஞ்சம் மிஞ்சியது. அக்காவுக்கு மாத்திரை கரைத்து விட்டபின் டியூப்பில் நல்ல தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பதில் இதை விட்டேன். டியூப்புக்கு நாக்கு இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அவளுக்கென்று தனியாகக் கலந்தேன்.

"தாகமா இருக்குடி" என்றாள். விட்டேன்.

"இன்னும் கொஞ்சம் குடேன்மா." விட்டேன்.

அறுபது வருடத்தில் அவள் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், "கூடப்பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்றாள். ஏழாம் நாள் அக்கா என்னை அடையாளம் தெரியாமல் "அம்மா" என்று கூப்பிட்டாள். ஒன்பதாம் நாள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உப்பு ஏறியிருந்ததைப் பார்த்த டாக்டர், "தண்ணியே குடுக்கலையா?" என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அக்கா போய்விட்டாள்.

உப்பு உயிரை எடுக்கும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் அளந்து போட்டேன். ஆனால் வாக்குமூலத்தில் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் மகள் அந்த மதியத்துக்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் நான். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.