அக்கா நிறுத்திய பக்கம்

ஒரே புத்தகம் பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது, கண்ணு. உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் அட்டவணை எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், வீட்டுக் கணினியில் இருந்த மின்னூல்களை ஒழுங்கு செய்தேன். ஆயிரத்து நானூறு நூல்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், சேர்த்த தேதி, அட்டைப்படம், கடைசியில் ஒரு குறிப்புக் கட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா மின்னூல் படிக்கிற ரீடரை வயரில் கணினியோடு மாட்டுவேன். கணினியில் நான் எதைத் திருத்தியிருக்கிறேனோ அது ரீடரிலும் திருந்திவிடும்.

முதலில் அந்தத் தண்ணீரைக் குடி. உன் சித்தி நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

உன் அம்மா அச்சகத்தில் பிழை திருத்தியவள். நிறுத்திய இடத்தை ரீடரே ஞாபகம் வைத்திருக்கும் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டாள். ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் மூடுவாள். காகிதத்தோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று மட்டும் பிடிபடுவதே இல்லை. மின்னூலில் எழுபத்திரண்டாம் பக்கம் என்பது நிலையான இடம் இல்லை. வரிகளைக் கொஞ்சம் நெருக்கிவிட்டால், அதே எண்ணில் கதையின் பின்பகுதி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது.

போன வருடம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். நீ அறை தயார் செய்துவிட்டாயாம், அடுத்த மாதம் உன்னோடு வந்துவிடப் போகிறாளாம்.

"உனக்கென்னடி, ராணி மாதிரி இரு. டிவி ரிமோட் முழுசா உனக்குத்தான்" என்றாள்.

நானும் சிரித்தேன். மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தேன். உன் அப்பா போன பிறகு பதினொரு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். அவள் போனால் எனக்கு யார் என்று நீங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சந்தோஷமாகப் போய் வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு அவள் குளிக்கப் போனதும், வரி இடைவெளியைத் துளி குறைத்தேன். புத்தகம் எழுபத்திரண்டாம் பக்கத்தில் திறக்கும்படி வைத்தேன். சாயங்காலம் ரீடரோடு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"இந்தக் கதையில வாத்தியார் எப்போடி செத்தான்?"

"நேத்து நீதானேக்கா சொன்னே. மனசு சரியில்லைன்னு மூடி வச்சியே."

நோட்டைப் பிரித்தாள். எழுபத்திரண்டு. ரீடரிலும் எழுபத்திரண்டு. சொந்தக் கையெழுத்தை எப்படி மறுப்பாள். அந்த வாத்தியாருக்காக இரண்டாம் முறை துக்கம் கேட்க வேண்டியதாகிவிட்டது என்று ஒரு ஜோக் அடித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் மேற்கொண்டு படிக்கவில்லை.

அதற்கப்புறம் வாரம் ஒன்று, அவ்வளவுதான். அவள் படித்து முடித்த ஒரு நாவலுக்கு வேறு தலைப்பும் வேறு ஆசிரியரும் வேறு அட்டையும் போட்டு, சேர்த்த தேதியை அந்த வாரத்துக்கு மாற்றினேன். இது நான் படித்த கதை என்றாள். தேதியைக் காட்டினேன். படிக்காத புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தவை பட்டியலில் சேர்த்தேன். அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லையே என்று உட்கார்ந்து அழுதாள். நான்தான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவளிடம் நான் நடந்துகொண்ட மாதிரி யாரும் யாரிடமும் பிரியமாக நடந்திருக்க மாட்டார்கள்.

டாக்டரிடம் அவளேதான் போகலாம் என்றாள். நோட்டையும் ரீடரையும் அவர் மேஜையில் வைத்தாள். அதற்குள் பயத்தில் அன்றைய தேதியைக்கூடத் தடுமாறித்தான் சொன்னாள். வீட்டில் எப்படி என்று அவர் என்னைக் கேட்டார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றேன். மறதி நோய் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அவள் பேச்சு மெதுவாகிவிட்டது. பகலெல்லாம் படுத்தே இருந்தாள். தேவையில்லாத மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வேளை தவறாமல் கொடுத்தேன்.

உனக்குப் போன் செய்து, உனக்குப் பாரமாக வர மாட்டேன், தங்கச்சியே பார்த்துக்கொள்வாள் என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை.

குறிப்புக் கட்டத்தை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டாய். அம்மாவுக்குப் புது ரீடர் வாங்கி, அதில் நூல்களை ஏற்றலாம் என்று நீ கணினியைத் திறக்கப் போய்த்தானே எல்லாம் உன் கண்ணில் பட்டது. இன்ன தேதி வரி இடைவெளி குறைத்தது, இன்ன தேதி ஆசிரியர் மாற்றியது. முப்பத்தொரு வருடமும் ஒரு திருத்தம் செய்தால் கீழே தேதி போட்டு எழுதி வைப்பேன். எழுதாமல் விட என்னால் ஆகாது.

நேற்று நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, டாக்டரிடம் பேசப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவள் என்னை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"நெஜமாடி? எனக்கு மறதியே இல்லையா?"

ஒரு ஆமாம் போதும், அவள் அறிவு அவளிடம் திரும்பியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பாவம்க்கா, உம்மேல இருக்கிற பாசத்துல பொண்ணு ஏதேதோ நெனச்சுக்குது" என்றேன்.

தலையாட்டினாள். அதற்கப்புறம் உன்னைப் பற்றிக் கவலைப்பட்டாள். இன்று காலை நீ பெட்டியோடு வந்து கூப்பிட்டபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டாள்.

நீ யாரைக் கூட்டி வந்தாலும் இதையே சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பார், கண்ணு. உன்னோடு வருவதா, என்னோடு இருப்பதா என்று வந்தபோது, அவள் சுயபுத்தியோடுதான் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.