இன்னும் ஒரு அடி பின்னால்

வீடியோவில் சோஃபா மாடிப்படியில் சிக்கிக்கொள்ளும் இடத்தில் நீங்களும் சிரித்துவிட்டீர்கள், சார். பார்க்கிற எல்லாரும் அங்கேதான் சிரிப்பார்கள். நான்கு பேர் மூச்சு முட்டத் தூக்குகிறார்கள், ஒருத்தன் மட்டும் அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வழி சொல்கிறான். அவன்தான் என் பெரியம்மா மகன். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன். அந்த எட்டு மாதத்துக்காக "அண்ணான்னு கூப்பிடுடா" என்று சின்ன வயதிலிருந்து உயிரை வாங்குவான். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இரண்டு நாள் வெளியூர் போவது தெரிந்ததுமே அவன் திட்டம் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பார்ட்டி, அதை அப்படியே காமெடிப் படமாக எடுப்பது. "நீயும் நானும் சேர்ந்து பண்றோம். இது நம்ம ரெண்டு பேர் படம்" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது பேர் என்றான், மூன்று மணிக்கு எண்பது பேர் இருந்தார்கள். வாஷிங் மெஷினில் ஐஸ் கொட்டிக் குளிர்பானம் வைத்தார்கள். யாரோ பெரியப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, எதிரே வந்த எல்லாரையும் வேலையைவிட்டு நீக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் பதிவாகியிருக்கிறது. என்னைத்தான் எங்கும் பார்க்க முடியாது, கேமரா என் கையில் இருந்தது.

நடுவில் அதை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். அணைக்க மறந்துவிட்டேன். பிறகு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் அவனிடம் கேட்கிறாள்: "உன் தம்பி ஏன் நம்மகூட வந்து உக்கார மாட்டேங்கறான்?"

"கேமரா அவன்கிட்ட இருக்கு, அதான் கூப்பிட்டேன். இல்லன்னா அந்த அழுமூஞ்சிய யாரு கூப்பிடுவா?"

அப்புறம் தரையில் உட்கார்ந்து நடித்துக் காட்டுகிறான். அப்பா எங்களை விட்டுவிட்டுப் போன அன்று அவன் மடியில் படுத்துத்தான் அழுதேன். மூக்கு ஒழுக, வார்த்தை வராமல் அழுதது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை அப்படியே செய்கிறான். நன்றாகத்தான் செய்தான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு வலித்தது, சார். மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பூட்டியிருந்த பால்கனிக் கதவு எப்படித் திறந்தது என்று கேட்டீர்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. பால்கனிக் கைப்பிடிக் கம்பி அடியில் துருப்பிடித்து வெல்டிங் விட்டுப்போயிருந்தது, அது அவனுக்குத் தெரியாது. ஊருக்குக் கிளம்புமுன் பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவன்கிட்ட குடுத்தா திறந்துட்டுப் போய் ஆடுவான். நீதான் பொறுப்பான பிள்ளை. ஆள் வந்து பத்தவைக்கிற வரைக்கும் யாரையும் விடாத" என்றார்.

ஐந்து மணிக்குத் திறந்தேன். கடைசிக் காட்சி என்றதும் அவனோடு பத்துப் பேர் வந்து நின்றார்கள். ஹீரோ தனியாக நிற்கட்டும் என்று மற்றவர்களை உள்ளே அனுப்பினேன். வேறு யார்மேலும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பெரியப்பா என்னைப்பற்றிச் சொன்னதில் தப்பில்லை.

முழு உருவம் வரவில்லை என்றேன். ஒரு அடி போனான். கம்பிக்கும் அவன் முதுகுக்கும் ஒரு சாண் இருந்தது.

"அண்ணா, இன்னும் ஒரு அடி பின்னால. நல்லா சாஞ்சுக்க."

அவன் முகத்தைப் பார்த்தீர்களே, சார். "டேய், கேட்டீங்களாடா? அண்ணான்னுட்டான்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அந்தச் சந்தோஷத்திலேயே சாய்ந்தான்.

அது மூன்றாவது மாடி. கீழே சிமென்ட் தரை என்பதும் எனக்குத் தெரியும். விபத்து என்று பெரியப்பா உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார், பாவம். விபத்து இல்லை. நான்தான் கொன்றேன்.

நேற்று பெரியம்மா என் மடியில் படுத்து அழுதாள். மூக்கு ஒழுக, வார்த்தை வராமல். "இனிமே எனக்கு நீதான்டா பிள்ளை" என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் அழுததை நான் யாரிடமும் நடித்துக் காட்ட மாட்டேன். அப்படி ஒருத்தரை நம்ப வைத்துக் கழுத்தறுக்க எனக்கு மனசு வராது, சார்.