நாலு மணி நேரத் தூரம்

கிட்ட வாங்க, கண்ணுகளா. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வண்டியில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். வண்டி ஓட்டுவது அக்கா.

— பெல்ட்டைப் போடு. ரெண்டு நாள் பயணம் பண்ணினவன் சட்டை மாதிரியா இருக்கு இது? இஸ்திரி மடிப்புகூடக் கலையலையே.

— நடுவுல இறங்கின இடத்துல மாத்திக்கிட்டேன்க்கா.

— எந்த இடத்துல?

— ரெண்டு இடத்துல ப்ளேன் மாறணும்னு முந்தாநாளே சொன்னேன்ல. அப்பா... உயிர் எப்போ போச்சுக்கா?

— நேத்து சாயங்காலம், விளக்குப் போடுற நேரம்.

— வலி இருந்துச்சா?

— பேச்சை மாத்தாதே. உன் பெட்டியில தொங்குற அட்டையைப் பார்த்தேன். உன் ஊர்லேருந்து நேரா நம்ம ஊர். நடுவுல ஒரு ஊரும் இல்ல.

— அக்கா...

— ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் மூவாயிரம் கிலோமீட்டர். நாலு மணி நேரம். நான் துணி துவைச்சு, காயப்போட்டு, மடிச்சு வைக்கிறதுக்குள்ள நீ வந்து நின்னிருக்கலாம்டா.

— தெரியும்க்கா.

— தெரிஞ்சுமா போன்ல அப்படிப் புளுகினே?

— போன தடவையும் 'சீரியஸ், உடனே வா'ன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் அதான். அடிச்சுப் பிடிச்சு வந்தா, கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டு 'வாடா பெரிய மனுஷா'ன்னு சிரிக்கிறார். 'உங்கப்பா இன்னும் எத்தனை தடவை சீரியஸ் ஆவார்?'னு மேனேஜர் கேட்டான். இதுவும் அப்படித்தான்னு நெனைச்சேன். ரெண்டு நாள்னு சொல்லி வைப்போம், அதுக்குள்ள எழுந்து உட்கார்ந்துடுவார்னு...

— உன்னைப் பார்த்துத்தான்டா ரெண்டு தடவையும் எழுந்து உட்கார்ந்தார்.

— வேணாம்க்கா. வண்டியை ஓரமா நிறுத்து.

— நிறுத்த முடியாது. எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க. பின்னாடி தண்ணி பாட்டில் இருக்கு, ஒரு வாய் குடி.

— அவர்கிட்ட என்ன சொன்னே?

— நீ சொன்னதைத்தான். ரெண்டு ப்ளேன் மாறணும், ரெண்டு நாள் ஆகும்னு.

— நம்பிட்டார்ல? அது போதும்க்கா. நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருந்தா...

— உனக்கு ஒண்ணு தெரியாது. நீ எப்பக் கிளம்பினாலும் அந்த நாலு மணி நேரமும் உன் ப்ளேனை அவர் போன்ல பார்த்துக்கிட்டே இருப்பார். மேப்புல எறும்பு மாதிரி ஊருமே, அது. 'கடலைத் தாண்டிட்டான், பத்து நிமிஷம் லேட்டு'ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். நீ தரையில இறங்கினப்புறம்தான் சாப்பாட்டுல கை வைப்பார்.

— ஐயோ.

— முந்தாநாள் நான் சொல்லி முடிச்சதும், அந்தப் போனை அணைச்சுத் தலையணைக்கு அடியில வச்சுட்டார்.

— ஒண்ணுமே சொல்லலையா?

— சொன்னார். அதான் சொல்றேன், வாசல் வர்றதுக்குள்ள சட்டையைக் கசக்கிக்கோ. பெரியப்பா, சித்தி, எதிர்வீட்டுக்காரர், ஊசி போட வந்த நர்ஸ் வரைக்கும், மூச்சு வாங்க வாங்க அவரே சொல்லி வச்சிருக்கார்: 'நேர் ப்ளேன் கிடையாதுங்க. ரெண்டு நாள் ஆகும். பாவம், பிள்ளை தூங்காம வந்துக்கிட்டிருக்கான்.'

உங்கள் வீட்டு வாசலில், கூப்பிட்ட குரல் ஓயும் முன்னே வந்து நிற்கிற கால்களுக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், கண்ணுகளா.