முப்பது செகண்டில் பத்து

இரவில் படம் எடுக்க ட்ரைபாட் மிகவும் முக்கியம். கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆடத்தான் செய்யும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் சகலை உமாசங்கர். ஆகவே நடந்ததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

2008 டிசம்பரில் நாலு நாள் லீவு போட்டு ஹைதராபாதைச் சுற்றிப் பார்க்க வந்தார். கூடவே என் மச்சினி பத்மஜா, புதிதாக வாங்கிய பெரிய கேமரா, என் மாமியார். மாமா தவறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அழைத்து வந்திருந்தார்கள்.

நான் பாலாநகரில் ராணுவச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். கேட்டுக்குள் கேமரா கூடாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அடையாள அட்டைக்குத் தவிர என்னை யாரும் படம் எடுத்ததில்லை. வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

பகலெல்லாம் மியூசியம், ஆர்ட் கேலரி. உள்ளே கேமரா விடமாட்டார்கள். லாக்கரில் வைக்க உமாசங்கருக்கு மனசு வரவில்லை.

"அண்ணா, நீங்க உள்ளூர்தானே, எப்ப வேணா பாத்துக்கலாம். பையை மட்டும் கொஞ்சம் பிடிங்க."

மூன்று கேலரிகளின் வாசல் பெஞ்சுகளைப் பற்றி என்னால் விரிவாகச் சொல்ல முடியும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. வெளியே வந்ததும் வாசலில் எல்லோரையும் நிற்க வைப்பார்.

"அண்ணா, நீங்க அமுக்குங்க."

அமுக்கினேன். முதல் இரண்டு நாளில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். ஒன்றில் என் முழங்கை இருந்தது.

சாயங்காலமானால் டேங்க் பண்ட், சார்மினார், கோல்கொண்டா. பெண்கள் காரில் இருப்பார்கள். நான் வீட்டில் கட்டும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு படத்துக்கு முப்பது செகண்ட் கேமரா திறந்தே இருக்கும். அந்த நேரம் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாய்க்குள் எண்ணுவார். மூச்சு விட்டால்கூட படம் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"குறுக்க எவ்வளவு பேர் நடந்தாலும் படத்துல விழ மாட்டாங்கண்ணா. நின்னாதான் விழுவாங்க. பாதி நேரம் நின்னா பாதி விழுவாங்க, கண்ணாடி மாதிரி."

அவர்தான் சொன்னார். அவர் சொன்னது சரியா என்று பார்ப்பது என் தொழில். அவர் எண்ண ஆரம்பித்ததும் முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து செகண்ட் நின்றேன். சாமானைத் தொடாமல் பார்க்கவேண்டிய வேலை என்பதால் கையைப் பின்னால் கட்டுவது எனக்குப் பழக்கம். பிறகு திரும்பி வந்துவிட்டேன். கேமராவின் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு தடவை பார்த்தால் போதாது. ஆறு படங்களில் நின்றேன்.

மறுநாள் சைனிக்புரியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லோருமாகப் படங்களைப் பார்த்தோம். டேங்க் பண்ட் படம் வந்ததும் பத்மஜா, "ஐயோ, அப்பா!" என்றாள்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "அவர்தான்டி. கையைப் பின்னாடி கட்டியிருக்கார் பாரு."

முகம் கலங்கியிருந்தது. உமாசங்கர் கண்ணைத் திறந்துவிட்டாரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததால் வந்த கோளாறு.

என் மகள் வர்ஷினி இங்கேயே படித்தவள். தெலுங்கில்தான் பதில் சொல்வாள். "அப்பா, தாத்தய்ய மீ செப்புலு வேஸுகுன்னாரு" என்றாள். தாத்தா உங்கள் செருப்பைப் போட்டிருக்கிறார் என்கிறாள். நியாயமான சந்தேகம். என் செருப்பில் ஒரு வார் நீலம், ஒரு வார் பச்சை. மாற்று வார் நீலத்தில் கிடைக்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தை கண்ணீர்விட்டார். "மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கார் பாருங்கடி. உயிரோட இருந்தப்ப இந்த வாசப்படி மிதிக்கலை மனுஷன்."

அது உண்மை. மகளை இவ்வளவு தூரத்தில் கொடுக்க மாமாவுக்கு இஷ்டமில்லை. என் மனைவி புஷ்பா பத்தொன்பது வருஷம் கூப்பிட்டும் ஒரு தடவைகூட அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குப் புஷ்பா, "எங்கப்பா வந்துட்டாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு நான் கேட்காமலே இரண்டாவது காபி கொடுத்தாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சந்தன மாலையோடு பூஜை அறையில் மாட்டினார்கள். நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தவன் நான்தான். அவர் வந்த ஊரை விட்டு எங்கே போவேன் என்று அத்தை எங்களோடு தங்கிவிட்டார். உமாசங்கர் இதற்கு மிக வேகமாகச் சம்மதித்தார்.

பத்து மாதமாக, அமாவாசைக்கு அமாவாசை எனக்கு நானே விழுந்து கும்பிடுகிறேன். மாமாவுக்குப் பிடித்த உளுந்து வடையைப் படைக்கிறார்கள். கொலஸ்ட்ரால் இருப்பதால் எனக்கு வடை கிடையாது. ஆனால் படைத்த வடையை யாரும் தடுப்பதில்லை. ஆறு சாப்பிடுகிறேன். வர்ஷினி ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு ஸ்கூட்டி வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

வரும் டிசம்பரில் உமாசங்கர் மறுபடி வருகிறார். நேற்று அத்தை அவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தத் தடவையாவது முகத்தைக் காட்டுவாரான்னு பாருங்க மாப்பிள்ளை. அந்த மீசையைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால் புஷ்பாவின் அப்பா மறுபடியும் அவள் வீட்டுக்கு வராதவர் ஆகிவிடுவார். ஆகவே வேட்டியைச் சலவைக்குப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு நாளாக மேலுதட்டைச் சவரம் செய்யவில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் அடர்த்தி அதிகம், நாள் இருக்கிறது.

எல்லாம் அவர்களுக்காகத்தான். படத்தில் விழவேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.