கொதிக்க வைக்காத ஓடுகள்

என் பெயரும் கதவு எண்ணும் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தாறு. கடற்கரைத் தெருவில் பாறைக்காரி என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். கடல் வற்றும் நேரத்தில், பாறையில் ஒட்டியிருக்கும் ஒற்றை ஓட்டுச் சிப்பியைத் தட்டைக் கம்பியால் நெம்பி எடுத்து விற்பது என் தொழில். பார்க்கக் காது மாதிரி இருப்பதால் நாங்கள் காதுச் சிப்பி என்போம். எங்கள் கரையில் இருக்கும் சிப்பி வளர்ப்புப் பண்ணையில் அபலோன் என்பார்கள். என் மேல் புகார் கொடுத்திருக்கும் பண்ணை மேலாளர் என் கூடப் பிறந்த தம்பி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சதையை எடுத்துக்கொண்டு ஓட்டை அதே பாறை இடுக்கில் திரும்பப் போட்டுவிடுவோம். குஞ்சுகள் அதனடியில் ஒண்டிக்கொள்ளும். ஓட்டைக் குப்பையில் போடுகிறவளைத் தெருவே ஏசும்.

போன வருடம் பண்ணைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வேறு இனக் காதுச் சிப்பியை விமானத்தில் கொண்டுவந்து வளர்த்தார்கள். சீக்கிரம் பெருகும், நம் கடலோடு ஒன்றும் கலக்காது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அதன் பிறகு என் தம்பி, செத்துப்போன சிப்பிகளின் ஓடுகளைச் சாக்கில் கட்டி என் வாசலில் இறக்கி, "உங்க பாறையிலயே போடுக்கா, குஞ்சுங்களுக்கு நல்லது. எல்லாம் கொதிக்க வெச்சு எடுத்ததுதான்" என்றான். கூடப் பிறந்தவன் பொய் சொல்வானா என்று நானும் என் நாத்தனாரும் கூடை கூடையாகச் சுமந்துபோய், பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இடுக்கு இடுக்காக வைத்தோம். அடுத்தடுத்தும் சாக்குகள் வந்துகொண்டே இருந்தன.

அதன் பிறகு இந்தப் பருவத்தில் போய்ப் பார்த்தால் எங்கள் சிப்பி வளரவே இல்லை. ஓட்டின் விளிம்பு கோணிக்கொண்டு, விரலால் அழுத்தினால் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பண்ணைக்கு வந்துபோகும் மீன் டாக்டரிடம் காட்டினேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுச் சிப்பியின் ஓட்டில் குடியிருக்கும் புழு நம் சிப்பியிலும் ஏறிவிட்டது என்றும், கொதிக்க வைக்காமல் ஓட்டை வெளியே விடக் கூடாது என்று மேலாளரிடம் தான் முதலிலேயே எச்சரித்ததாகவும் சொன்னார்.

அதன் பிறகு நேராகப் பண்ணைக்குப் போய்த் தம்பியைக் கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "அடுப்பு ரிப்பேராயிடுச்சுக்கா. கொஞ்சம் பச்சையா வந்துருக்கும். கண்ணுக்கே தெரியாத புழு, அதப் போய்ப் பெருசு பண்ணாத" என்றான். மேலிடத்தில் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னால் தொட்டிகளைக் காலி பண்ணச் சொல்வார்கள், தன் வேலை போய்விடும் என்றான். "அப்போ என் வேலை?" என்றேன். "உனக்கு இங்கயே தொட்டி கழுவுற வேலை வாங்கித் தர்றேன்" என்றான்.

ஸ்டேஷன் எழுத்தர் இந்த இடத்தில் "மன உளைச்சலில்" என்று எழுதினார். அந்த வார்த்தையை அடித்துவிடச் சொன்னேன். கோபத்தில் என்று எழுதச் சொன்னேன். இன்னும் அந்தக் கோபம் தணியவில்லை, அதையும் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நான், புழு கடலுக்குப் போகாதபடி தொட்டிகளிலிருந்து கடலுக்குப் போகும் வால்வை அடைத்து, கடல்நீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, தொட்டி நீரைப் பின்புற மண்குழியில் வடியவிட்டு, குடிதண்ணீர்க் குழாயை ஒவ்வொரு தொட்டியிலும் திறந்துவிட்டேன். உப்பில்லாத தண்ணீரில் அவை பிழைக்காது என்று தெரிந்தேதான் செய்தேன். தம்பி எச்சில் கையோடு ஓடிவந்து, "பைத்தியமாக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றான். "இல்லடா, இப்பத்தான் தெளிஞ்சிருக்கு" என்றேன். பண்ணைக் காவலாளியை அடித்ததாகப் புகாரில் இருப்பது பொய். என் கையில் சிப்பிக் கம்பியைப் பார்த்து அவர் தள்ளியே நின்றார். போலீஸ் வரும்வரை குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சிப்பிகள் ஒவ்வொன்றாகப் பிடிவிட்டு மல்லாந்தன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. விமானத்தில் ஏற்றச் சொல்லி அவையா கேட்டன?

நான் பண்ணைக்குப் போனதற்கு முந்தின நாள் தம்பி இறக்கிய சாக்கு ஒன்று கடலில் போடாமல் என் வாசலில் கிடந்தது. ஓடெல்லாம் வேகாத பச்சை என்பதற்குச் சாட்சியாக, போலீஸைக் கூட்டிப்போய் அதை எடுத்துவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். இன்று காலை நாற்றம் தாங்காமல் ஒரு காவலர் அதைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவத் தொடங்கினார். அந்தச் சாக்கடை கடலில் போய் விழுகிறது. நான் ஓடிப்போய்க் குழாயை மூடி, இப்போதே இதைக் கொதிக்க வையுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர், "உன் பக்கம் இருக்கறது இந்த ஒரு சாட்சிதான்மா. வேக வெச்சுட்டா பச்சை ஓடுன்னு எப்படி நிரூபிப்ப?" என்றார். நிரூபிக்க வேண்டாம், அடுப்பைப் பற்ற வையுங்கள், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

சாக்கு முழுவதும் கொதித்து முடிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் நடந்ததுதான். இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பாறைக்காரி